ஒரு பழம், இரண்டு பருப்பு

வேண்டியவன் என்றால் வாசல் வழியாக வருவான், புல் பரப்பிய தரையில் உட்காருவான், நீட்டுகிற காப்பிப் பருப்பை வாயில் போட்டு மென்றபிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்வான். ருவிசா அன்று காலை பின்பக்க வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தான். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் நார் மட்டை. கைஜாகேயின் வாழைத் தோட்டத்துக்கு நடுவே நின்ற காப்பி மரங்களுக்கு ஒவ்வொன்றாக வெள்ளைப் பட்டை போட ஆரம்பித்தான். கேட்பார் இல்லாத சொத்து என்று நினைத்துவிட்டான் போல.

கைஜாகே வீட்டுக்குள் அவித்த வாழைக்காயும் பயறும் தின்றுகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி கொகுபேரா தண்ணீர்க் குடத்தை இறக்கக்கூட இல்லாமல் ஓடிவந்தாள்.

"ஏங்க, உங்க ரத்தத் தம்பி வந்திருக்கான். மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிறான். போய்ப் பாருங்க, போங்க!"

கைஜாகே கையைக்கூடக் கழுவவில்லை.

"ஏண்டா, என்னடா கூத்து இது? என் மரத்துக்குக் கல்யாணமா?"

"டா போட்டுப் பேசாதே. சர்க்கார் வேலையா வந்திருக்கேன்," என்றான் ருவிசா, திரும்பிப் பார்க்காமல். "பட்டை போட்டதெல்லாம் பூச்சி பிடிச்ச மரம். பத்து நாளைக்குள்ள வேரோட பிடுங்கி எரிச்சிடணும். துரை உத்தரவு."

"எல்லா மரத்துக்கும் போட்டிருக்கே?"

"எல்லாத்துலயும் பூச்சி."

"பூச்சி மரத்துலயா, உன் மூளைலயா?"

மேட்டோரமாக நாலைந்து மரத்தில் துளைப்பூச்சி இருந்தது உண்மைதான். அது கைஜாகேக்கும் தெரியும். ஆனால் மற்ற மரமெல்லாம் கிளை கொள்ளாமல் காய் பிடித்து நின்றன. கிளையை வளைத்து ருவிசாவின் மூக்குக்கு நேரே பிடித்தான். "பாரு. கண்ணு இருந்தா பாரு. இதைப் பிடுங்கச் சொல்றியா?"

"நெருக்கமா நட்டிருக்கு. கிழட்டு மரம். வாழைக்குள்ள காப்பி வைக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? என் தோட்டத்தை வந்து பாரு, எப்படி வரிசையா வச்சிருக்கேன்னு. துரை ஊர் ஊரா ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டுறாரு."

"உன் தோட்டமா?" கைஜாகே சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவனைப் பிடித்த சனியன். "யாரு குடுத்த மண்ணுடா அது? பட்டினியா வந்து எங்க வாசல்ல நின்னியே, மறந்துபோச்சா?"

ருவிசாவின் முகம் கறுத்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு மிச்சமிருந்த இரண்டு மரத்துக்கும் பட்டை போட்டான். வீட்டு வாசலோரம் நின்றதுக்கும் போட்டான். பிறகு வந்த வழியே வேலியைத் தாண்டிப் போனான். பிரித்த வேலியை மூடவில்லை.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்றாள் கொகுபேரா. "மண்ணைக் குடுத்தீங்க, சரி. அதைப் பார்க்கிறப்பல்லாம் சொல்லிக் காட்டணுமா? சந்தையில, சாவு வீட்டுல, கோயில் வாசல்ல... அவன் எத்தனை வருஷம்தான் கேட்டுக்கிட்டிருப்பான்?"

"நீ அவன் பக்கமா, என் பக்கமா?"

"நான் மரத்துப் பக்கம். அது போச்சுன்னா நாம என்ன பண்றது? அதைச் சொல்லுங்க முதல்ல."

புதுச் செடி வைத்தால் காய்க்க நாலு வருஷம் ஆகும். நாலு வருஷத்துக்கு வரி எங்கிருந்து வரும்? வரி கட்டாதவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து ரோடு போட அனுப்பிவிடுவார்கள். ஆள் இல்லாத தோட்டத்தில் வாழை சாயும், களை ஏறும், பிறகு பாழ் நிலம் என்று சொல்லி வேறு எவனுக்காவது எழுதிவிடுவார்கள். இப்படித்தான் அந்த ஊரில் மூன்று வீடு காலியானது. மரம் போனால் மண் போகும், மண் போனால் கைஜாகே நாலு பேர் நடுவில் உட்காரும் மனிதனில்லை.

காப்பி விஷயத்தில் அந்தக் குடும்பம் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கைஜாகேயின் தாத்தா காலத்தில் காப்பி முகாமாவின், அதாவது ராஜாவின், சொத்து. அரண்மனை அனுமதி இல்லாமல் ஒரு குடியானவன் ஒரு செடி நட முடியாது. மெல்லுவதற்குக் கொடுக்கும் பருப்பைக்கூட வேகவைத்துத்தான் கொடுப்பார்கள், திருட்டுத்தனமாக முளைக்கப் போட்டுவிடக்கூடாதே. தாத்தா எங்கேயோ வேகவைக்காத ஒரு பழத்தைக் கமுக்கமாகக் கொண்டுவந்து நட்டார். பிடிபட்டு முதுகில் அடி வாங்கினார். அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். முதலில் ஜெர்மன்காரன், பிறகு இங்கிலீஷ்காரன். கப்பலுக்குக் காப்பி வேண்டும் என்றான். வீட்டுக்கு வீடு நட வேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். அப்பா வாழைக்குத்தான் நிலம் போதும் என்று சொல்லிப் பார்த்தார். நடாததற்கு அடி வாங்கினார். பிறகு நட்டார். அந்த மரங்கள்தான் இவை. இப்போது பிடுங்காவிட்டால் கைஜாகேக்கு அடி. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்களே, அந்தக் கதை. எருதும் நொண்டியும் யாராக இருந்தாலும் முதுகு மட்டும் இந்த வீட்டு முதுகு.

ஊரில் இன்னொரு பேச்சும் இருந்தது. பூச்சியை இந்த விவசாய அதிகாரிகளே பாட்டிலில் கொண்டுவந்து விடுகிறார்கள், அப்போதுதானே அவர்களுக்கு வேலை இருக்கும் என்று. கைஜாகே அதை நம்பவில்லை. ஆனால் நம்புகிறவர்களைத் திருத்தவும் இல்லை.

ருவிசா அந்த ஊர்க்காரன் இல்லை. மேற்கே வறட்சியில் ஆடுமாடு செத்த வருஷம், மீசை முளைக்கிற வயதில், தோளில் ஒரு பாயோடு வந்தான். கைஜாகேக்கும் அதே வயது. இரண்டு பேரும் சேர்ந்து ஏரியில் மீன் பிடித்தார்கள், சேர்ந்து வெட்டுக்கிளி பிடித்து வறுத்துத் தின்றார்கள், சேர்ந்து உதை வாங்கினார்கள். ஒரு முறை படகு கவிழ்ந்து கைஜாகே முழுகியபோது, முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது ருவிசாதான். அது நடந்து சில நாளில் இருவரும் ரத்தம் தின்றார்கள்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே காப்பிப் பழத்தைப் பிதுக்கி, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பருப்பையும் சாட்சிக்குக் காட்ட வேண்டும். ஆளுக்கு ஒன்று. தொப்புளுக்குப் பக்கத்தில் கீறி, தன் ரத்தத்தைத் தன் பருப்பில் தடவி உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். மற்றவன் கையால் தொடாமல் உதட்டால் எடுத்து அப்படியே விழுங்க வேண்டும். அன்றைக்கு கைஜாகேயின் மாமா சாட்சி. பழத்தைப் பிதுக்கியது கைஜாகே. இரண்டு பருப்பு, தட்டையான முகம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, வழவழவென்று அவன் கட்டைவிரலில் நின்றது. இப்போதும் அந்த வழவழப்பு அவனுக்கு நினைவிருக்கிறது. சில பழத்தில் ஒற்றைப் பருப்பு உருண்டையாகக் கிடக்கும். அதை வைத்துச் சத்தியம் செய்தால் செல்லாது. மாமா அதற்காகவே குனிந்து பார்த்து, "ரெண்டு இருக்கு, சரி," என்றார்.

ரத்தம் தின்றவன் அன்றிலிருந்து அந்தக் குலத்துக்காரன். அவன் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அவனுக்குக் கேடு நினைத்தால் விழுங்கிய பருப்பு வயிற்றுக்குள்ளேயே வீங்கி ஆளைக் கொல்லும். குலத்து மண்ணை வெளியாளுக்கு ஒரு பிடிகூடக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். குலத்தானுக்குக் கொடுக்கலாம். அப்படித்தான் ஓடைப் பக்கத்து நிலம் ருவிசாவுக்குப் போனது. நல்ல நிலம். கைஜாகேயின் அப்பாவுக்கு மனசே இல்லை. மகன் பிடிவாதம் பிடித்துக் கொடுக்கவைத்தான்.

பிறகு ருவிசா பாதிரிமார் பள்ளிக்கூடத்துக்குப் போனான், எழுதப் படித்தான், பிலிப்போ என்று பேர் வைத்துக்கொண்டான், விவசாய இலாகாவில் காக்கி போட்டுக்கொண்டான். ஓடைப் பக்கத்து நிலத்தில் துரை கொடுத்த நாற்றை வரிசை வரிசையாக நட்டான். அதுதான் இன்று முன்மாதிரித் தோட்டம். துரை அதைக் காட்டித்தான் மற்றவர்களை மிரட்டுவார். அந்தத் தோட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் கைஜாகேக்கு வாய் அரிக்கும். சொல்லிவிடுவான். ருவிசா கேட்டுக்கொண்டு போவான். இத்தனை வருஷமும் அவன் கேட்டுக்கொண்டே போனதை இவன் பணிவு என்று நினைத்தான். மடையன்.

பட்டை போட்ட மூன்றாம் நாள் சந்தை. கைஜாகே இரண்டு மூட்டை காய்ந்த காப்பியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனான். ஏரிக்கரைக் கிட்டங்கி வாசலில் வியாபாரிகள் தராசு கட்டியிருந்தார்கள். இப்போதெல்லாம் வியாபாரி தராசில் வைப்பதற்கு முன்னால் விவசாய இலாகா ஆள் பார்த்து விசில் ஊத வேண்டும். ஊதினால்தான் விற்கலாம்.

ருவிசா மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். கையை விட்டுக் கிளறினான். ஒரு பிடி எடுத்து முகர்ந்தான். பிறகு மூட்டையைக் காலால் ஒரு தள்ளு. காப்பி சேற்றில் கொட்டியது.

"பச்சைக் காய் கலந்திருக்கு. தரையில உலர்த்தியிருக்கான். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"பாயில உலர்த்தினதுடா! எல்லாம் பழுத்த பழம்!"

"மரியாதை. பிலிப்போ ஐயான்னு கூப்பிடு, அடுத்த தடவை பார்க்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். கைஜாகே சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான். ஒரே அடியில் அவன் பல்லைப் பெயர்த்திருப்பான், ஆனால் சர்க்கார் ஆளை அடித்தால் ஜெயில். குனிந்து சேற்றிலிருந்து காப்பியை வாரிக் கட்டினான். நேராக ஊர்த்தலைவர் கபியெமேராவின் வேலி கட்டிய வளவுக்குப் போனான்.

கபியெமேரா பழுத்த நரி. சுரைக்குடுக்கையில் வாழைப்பழக் கள்ளை வைத்து நாணல் குழாயால் உறிஞ்சிக்கொண்டே கேட்டார். அவர் தோட்டத்திலும் ருவிசா நாலு மரத்துக்குப் பட்டை போட்டிருந்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"துரை உத்தரவை நான் ரத்து பண்ண முடியாது, கைஜாகே. எனக்குச் சம்பளம் குடுக்கிறதே துரைதான்."

"துரைகிட்ட நான் வழக்கு வைக்கல ராசா. என் ரத்தத் தம்பி மேல வைக்கிறேன். ரத்தம் தின்னவன் என் மரத்தை வெட்டச் சொல்லலாமா? அதுக்கு மட்டும் தீர்ப்பு சொல்லுங்க. அந்தப் பட்டையைப் போட்டவன் அவன். பார்த்தேன், பூச்சி இல்லைன்னு அவனே துரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

கபியெமேரா குழாயை வாயிலிருந்து எடுத்தார். "அது ஊர் வழக்கு. மண்ணு, ரத்தம், கல்யாணம், இதிலெல்லாம் துரை தலையிடமாட்டார். நாளைக் காலையில கூப்பிடுறேன்."

மறுநாள் வளவு நிறைந்துவிட்டது. சந்தையில் காப்பி கொட்டிய கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. ருவிசா காக்கியோடுதான் வந்தான். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராமல் நின்றான்.

கைஜாகே ஒரு சின்னக் கூடையில் காப்பிப் பருப்பு எடுத்து வந்திருந்தான். அது கொகுபேராவின் யோசனை. "கெஞ்சாதீங்க, திட்டாதீங்க, மண்ணைப் பத்தி மூச்சு விடாதீங்க. கூடையை நீட்டி ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. எடுத்தாலும் மாட்டுவான், எடுக்காட்டியும் மாட்டுவான்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவன் நடுவில் போய் நின்று கூடையை நீட்டினான்.

"தம்பி, எடுத்துக்கோ. என் மரத்தை விட்டுடு."

ஒரு பருப்பை எடுத்தால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம். ருவிசா கூடையைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"என்னய்யா, கை வரலியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "விசில் ஊதத்தான் வருமோ?"

"பருப்புல பூச்சி இருக்கான்னு பார்க்கிறாரு!" என்றாள் ஒரு பெண். கூட்டம் சிரித்தது.

"நான் ஞானஸ்நானம் வாங்கினவன்," என்றான் ருவிசா. "இந்தக் காட்டு வழக்கத்தையெல்லாம் விட்டாச்சு."

"நீ விட்டா? வயித்துக்குள்ள போனது உன்னை விடுமா?" என்றார் கிழவர். "ஞானஸ்நானத்தண்ணி தலையிலதான ஊத்தினாங்க? வயித்துக்கா ஊத்தினாங்க?"

மறுபடி சிரிப்பு. கைஜாகே கூடையை நீட்டியபடியே நின்றான். அவனுக்குத் தெரியும், ருவிசாவுக்கு எதையும் தாங்க முடியும், சிரிப்பை மட்டும் தாங்க முடியாது. பட்டினியாக வந்தவனைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு அவன் காதில் இன்னும் இருக்கிறது. கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. எடுத்துவிடுவான், இதோ எடுத்துவிடுவான் என்று கைஜாகே நினைத்தான்.

ருவிசா கூடையைத் தட்டிவிட்டான். பருப்பு புல் தரையில் சிதறியது.

"யாருக்கு யாருடா தம்பி? கேட்டுக்குங்க எல்லாரும்! அன்னைக்குப் பழத்தைப் பிதுக்கினது நான். உள்ளே ஒத்தைப் பருப்புதான் இருந்துச்சு. உருண்டைப் பருப்பு! இன்னொண்ணைக் கூடையிலேருந்து எடுத்து ஒட்டிக் காட்டினேன். இவன் மாமனுக்குக் கண்ணு மங்கல், பார்க்கத் தெரியல. இவனுக்கு அறிவு மங்கல், அதுவும் தெரியல. இவன் ரத்தம் என்னைக் கட்டாது. நான் இவனுக்கு யாரும் இல்லை. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!"

கைஜாகேக்குக் காது அடைத்துப்போனது. பிதுக்கியது நான் அல்லவா என்று கத்த வாயைத் திறந்தான். இப்படி ஒரு பொய்யை, பெற்ற தாய் செத்தாள் என்று சொல்வதற்குச் சமமான பொய்யை, கூச்சமில்லாமல் எப்படிச் சொல்ல முடிகிறது? மாமா செத்துப் பல வருஷமாகிறது. இனி அந்தப் பழத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

கபியெமேரா குழாயைக் கீழே வைத்தார்.

"பிலிப்போ, நல்லா யோசிச்சுச் சொல்றியா?"

"யோசிக்க என்ன இருக்கு? ஒத்தைப் பருப்பு."

"ஊர் முன்னாடி சொல்றே."

"எங்க வேணாலும் சொல்வேன். ஒத்தைப் பருப்பு!"

தலைவர் மெதுவாகக் கைஜாகேயின் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே? அந்தப் பழத்துல எத்தனை பருப்பு?"

அப்போதுதான் கைஜாகே அந்தக் கிழட்டு நரியின் கண்ணைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்தது. உடம்பெல்லாம் சூடு ஏறியது. இரண்டு என்று சொன்னால் என்ன ஆகும்? ருவிசா மறுப்பான், காட்டு வழக்கம் என்பான், மரம் எப்படியும் போகும், துரைக்குப் பயந்து தலைவரும் கையைக் கழுவிவிடுவார். ஒன்று என்று சொன்னால்? ஓடைப் பக்கத்து நிலம். வரிசை வரிசையாக நின்று காய்க்கிற காப்பி. நாலு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

கட்டைவிரலில் அந்த வழவழப்பு இருந்தது. விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"அவன் சொல்றதுதாங்க நிஜம்," என்றான். "எனக்கும் அப்பவே சந்தேகம். ஒத்தைதான்."

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"சரி," என்றார் கபியெமேரா. "அப்ப ரத்தம் சேரல. வாதியும் சொல்லிட்டான், பிரதிவாதியும் சொல்லிட்டான். இனிமே மரத்துக்காக இவன்கிட்ட அண்ணன் தம்பி முறை கேட்க முடியாது, கைஜாகே. பட்டை போட்ட மரத்தை வெட்டத்தான் வேணும்."

ருவிசா வெற்றியோடு சுற்றும் முற்றும் பார்த்தான்.

"இரு, போயிடாதே," என்றார் தலைவர். "ஓடைப் பக்கத்து நிலம் குலத்து மண்ணு. குலத்தான் இல்லாதவன் அதுல எப்படி உட்கார்ந்திருக்கே?"

ருவிசா தலைவர் பக்கம் திரும்பினான். இந்த ஊரில் பாதி வயதைக் கழித்தவன், துரைக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கிறவன், இதை யோசிக்கவில்லை. யோசிக்க முடியாத அளவுக்கு அந்தச் சிரிப்பு அவனை எரித்திருந்தது.

"அது... துரையோட முன்மாதிரித் தோட்டம்..."

"தோட்டத்தைத் துரை பார்க்க வரட்டும், யார் வேணாம்னா? கைஜாகே காட்டுவான். மண்ணு யாருதுங்கிறது ஊர் வழக்கு."

"தவளை தன் வாயால கெட்டுச்சாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வளவே அதிர்ந்தது, அப்படி ஒரு சிரிப்பு.

"பொய்!" என்று ருவிசா கத்தினான். "கோவத்துல பொய் சொல்லிட்டேன்! ரெண்டு பருப்புதான்! ரெண்டு இருந்துச்சு!"

"இப்ப ரெண்டாயிடுச்சா? அதுக்குள்ள குட்டி போட்டுச்சா?"

"நாளைக்கு மூணாகும், இருங்க!"

அவன் கூட்டத்தை விட்டுவிட்டு நேராகக் கைஜாகேயிடம் வந்தான். தரையில் சிதறிக் கிடந்த பருப்பைக் குனிந்து பொறுக்கினான். முட்டியெல்லாம் புல். ஒரு பிடியை வாயில் போட்டு எல்லோரும் பார்க்க மென்றான்.

"அண்ணே, பாரு, எடுத்துக்கிட்டேன். நீ சொல்லு அண்ணே. பிதுக்கினது நீதானே. உனக்குத் தெரியுமே. ரெண்டுதானே இருந்துச்சு? சொல்லு."

அண்ணே என்று அவன் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! கைஜாகே கீழே பார்த்தான். காலியான கூடை கவிழ்ந்து கிடந்தது. சேற்றில் கொட்டிய காப்பியை நினைத்துக்கொண்டான். வாசலோரத்து மரத்தின் வெள்ளைப் பட்டையை நினைத்துக்கொண்டான். ஏரித் தண்ணீருக்குள் தன் முடியைப் பிடித்த கையும் நினைவுக்கு வந்தது. அதை மட்டும் தள்ளிவிட்டான்.

"ஒத்தைதான்," என்றான். "முன்னாடியே சொல்லிட்டேனே."

இரண்டு நாள் கழித்து கைஜாகே தன் மரங்களைத் தானே வெட்டினான். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அப்பா நட்டது, எவன் எவனோ வெட்ட வேண்டாம் என்று சொன்னான். வேரைத் தோண்டி எடுத்துக் குவித்தான். காய்த்திருந்த கிளையெல்லாம் குவியலில் கிடந்தது. வாழை மட்டும் மொட்டையாக நின்றது, வீடு ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

தீ வைக்கிற நேரத்தில் ருவிசா வந்தான். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. தலையில் ஒரு தகரப்பெட்டி, தோளில் ஒரு பாய். புக்கோபா டவுனுக்கு மாற்றல் கேட்டிருப்பதாக ஊரில் பேச்சு. சொந்தமாகக் குந்த இடமில்லாதவன் யாருக்குப் போய்ப் பாடம் சொல்வான்? அவன் வேலிக்கு வெளியிலேயே நின்றான். இந்த முறை பிரித்துக்கொண்டு வரவில்லை.

"பிதுக்கினது நீ," என்றான்.

"ஆமா."

"ரெண்டு இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"நீதானே முதல்ல சொன்னே? நான் ஆமாம் போட்டேன், அவ்வளவுதான்."

"நான் சொன்னது உன் மேல இருந்த கோவத்துல. நீ சொன்னது மண்ணு மேல இருந்த ஆசையில." ருவிசா காறித் துப்பினான். "இன்னைக்கும் நான் உன்னை வெறுக்கிறேன். செத்தாலும் வெறுப்பேன். ஆனா என்னோடது உன் வயித்துல கிடக்கு, உன்னோடது என் வயித்துல கிடக்கு. ரெண்டு பேரும் பொய் சொல்லியாச்சு. யாருக்கு முதல்ல வீங்குதுன்னு பார்ப்போம்."

"போடா! போய்ச் சேரு!"

"போறேன். பருப்பு போகாது."

அவன் ரோட்டில் இறங்கி நடந்தான். கைஜாகே தீயை மூட்டினான். பச்சை மரம், பிடிக்க நேரமாயிற்று. பிடித்ததும் காப்பிக்காய் படபடவென்று வெடித்தது. வறுத்த காப்பி மணம் ஊரெல்லாம் பரவியது. ஓடைப் பக்கத்துப் புதுத் தோட்டத்திலிருந்து கொகுபேரா கூடை நிறையப் பழுத்த பழம் பறித்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு வெளிச்சம்.

"ஒரு கிளையில எவ்வளவு காய் தெரியுமா? கண்ணு பட்டுடும் போல இருக்கு. அந்தப் பாவி நல்லாத்தான் வளர்த்திருக்கான்."

வீட்டுக்குள் போய் மெல்லுகிற பருப்பைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். வேலை முடித்தவனுக்கு முதலில் நீட்டுவது அதுதான். கைஜாகே ஒன்றை எடுத்தான். வாய் வரைக்கும் கொண்டுபோனான். தட்டிலேயே திரும்பப் போட்டான்.

"ஏன், வேண்டாமா?"

"வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"எப்பலேருந்து?"

அவன் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை சட்டைக்குள் போயிருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் பழைய தழும்பு இருக்கிற இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.